காயலான் கடைக் காரிலிருந்து டீசல் இன்ஜெக்டர் எடுப்பது

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் பழைய கார் உதிரிபாகக் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் உடைந்த ஹெட்லைட்டுக்கும் நசுங்கிய பேனட்டுக்கும் மாற்றுத் தேடி வருகிறார்கள். டீசல் இன்ஜெக்டர் தேடி வருபவர் வேறு ரகம். அவருக்கு வேண்டியது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒரு சிறு பொருள். ஆனால் புதிதாக வாங்கப் போனால் ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கில் நிற்கும், நாலு சிலிண்டர் வண்டிக்கு நாலு வேண்டும். பத்து வருடம் ஓடிய காருக்கு அந்தச் செலவைச் செய்யலாமா என்று யோசிக்கும்போதுதான் காயலான் கடை நினைவுக்கு வருகிறது.

அங்கே இரண்டு வழிகள் உண்டு. கடைக்காரர் ஒரு தட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு குவித்து வைத்திருக்கும் இன்ஜெக்டர்களில் கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கி எடுப்பது ஒன்று. முழுசாக நிற்கும் காரிலிருந்து நேரே கழற்றி எடுப்பது இன்னொன்று. தட்டில் கிடப்பது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஏன் நின்றுபோனது, எத்தனை மாதம் வாய் திறந்து தூசியில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஜெக்டர் விஷயத்தில் இந்த மூன்றும் தெரியாவிட்டால் வேறு எதைத் தெரிந்தும் பயனில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது உள்ளே இருப்பதைப் பார்த்தால் விளங்கும். இந்தியச் சாலைகளில் மிக அதிகம் புழங்கிய டீசல் என்ஜின்களில் ஒன்றான ஃபியட் 1.3 மல்டிஜெட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1,248 சிசி, நாலு சிலிண்டர். 2003இல் ஐரோப்பாவில் அறிமுகமான இந்த என்ஜின், 2007இல் மாருதி ஸ்விஃப்டுக்குள் ஏறியது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லினியா, செவ்ரோலே செயில் என்று பல கம்பெனிகளின் கார்களிலும் உட்கார்ந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் இன்னும் ஏராளம், ஓய்ந்து காயலான் கடைக்கு வந்தவையும் ஏராளம். பழகிப் பார்க்க இதைவிட நல்ல என்ஜின் இல்லை.

நாலு இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர்அழுத்தக் குழாயான இதன் காமன் ரயிலில் டீசல் 1,400 பாருக்கு மேல் அழுத்தப்படுகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு சொச்சம் பார்தான். நாசில் நுனியில் உள்ள துளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உள்ளே ஓடும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி இரண்டு முதல் நாலு மைக்ரான், தலைமுடியின் பருமனோ 70 மைக்ரான் வரும். என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டர் வினாடிக்கு 33 முறை எரிகிறது. ஓரோர் எரிப்புக்கும் முன்தெளிப்பு, முதன்மைத் தெளிப்பு என்று ஊசி பல தடவை திறந்து மூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் உள்ளே போனாலே ஊசி ஒழுங்காக மூடாது. பிறகு டீசல் சொட்டும், பிஸ்டன் தலை உருகும், வெள்ளைப் புகையோ கரும்புகையோ கிளம்பும். ஸ்பேனர் பிடிக்கும் கைக்கு வலு இருந்தால் போதும் என்று நினைத்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் நல்ல இன்ஜெக்டரைக் கெட்டதாக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இது முழுக்க முழுக்கச் சுத்தம் சார்ந்த வேலை.

வண்டி எதனால் நின்றது

கடைக்குள் நுழைந்ததும் பேனட்டைத் திறக்கக் கூடாது. முதலில் வண்டியைச் சுற்றிவர வேண்டும். பின்னாலோ பக்கவாட்டிலோ அடிபட்டு வந்த கார் முதல் தரம். ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது, என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கம் அடிபட்டிருந்தாலும் என்ஜின் தலையும் குழாய்களும் வளையாமல் இருந்தால் பார்க்கலாம்.

‘என்ஜின் சீஸ்’ ஆகி வந்த வண்டி சந்தேகத்துக்குரியது. ஆயில் இல்லாமல் ஓட்டிச் சீஸ் ஆனதா, ரேடியேட்டர் தண்ணீர் வற்றிச் சூடேறி ஆனதா, இன்ஜெக்டரே சொட்டிப் பிஸ்டனைத் துளைத்ததா என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. மூன்றாவது காரணமாக இருந்தால், வாங்கப் போவதே அந்தக் கொலைகாரனைத்தான்.

எரிந்த காரைத் தொடவே கூடாது. இன்ஜெக்டரின் உள்பாகங்கள் சூட்டில் கெட்டிருக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எரிபொருள் தடத்தில் உள்ள சில கறுப்பு ரப்பர் வளையங்கள் ஃப்ளோரின் கலந்தவை. அவை கடும் சூட்டில் சிதைந்தால் தோலை அரித்து உள்ளே இறங்கும் அமிலம் உண்டாகும். எரிந்த வண்டியில் பிசுபிசுவென்று உருகி ஒட்டிக்கிடக்கும் ரப்பரை வெறும் கையால் தொடுவது பெரும் ஆபத்து.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே காட்சி. அப்படிப்பட்ட வண்டிகள் வெளியே கழுவித் துடைத்துப் பளபளப்பாக விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்த்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டங்களில் துரு படர்ந்திருக்கும். டாங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் இன்ஜெக்டரின் உள்ளே துரு ஏறியிருக்கும், அதை எந்தச் சோதனை பெஞ்சிலும் மீட்க முடியாது.

சுற்றிப் பார்த்து முடித்தபின் பேனட்டைத் திறக்கலாம். கை முதலில் போக வேண்டிய இடம் டீசல் ஃபில்டர். அதைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பது இந்த வேலையிலேயே மிக மலிவான, மிகப் பயனுள்ள சோதனை. அடியில் தண்ணீர் தனியே பிரிந்து நின்றால் வேண்டாம். பழுப்பு நிறத் துரு மிதந்தால் வேண்டாம். வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுத்தால், அந்த வண்டியின் உயர்அழுத்தப் பம்ப் தேய்ந்து இரும்புத்தூளைக் கக்கியிருக்கிறது என்று பொருள். ஃபில்டர் இருப்பது பம்புக்கு முன்னால். மிஞ்சி டாங்குக்குத் திரும்பும் டீசலோடு சுற்றிவந்த தூளே ஃபில்டரில் சேர்ந்திருக்கிறது என்றால் நேரே இன்ஜெக்டருக்குள் போனது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. நாலில் ஒன்றுகூட உதவாது.

இன்னொரு தடயம் இன்ஜெக்டரின் கால்மாட்டில் கிடைக்கும். அது என்ஜின் ஹெட்டில் இறங்கும் இடத்தைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக, கல்லாக இறுகிய படிவு இருந்தால், அடியில் உள்ள காப்பர் வாஷர் கசிந்து சிலிண்டருக்குள் எரிந்த வாயு மேலே வந்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஓடும்போது ‘சிக் சிக்’ என்று ஒரு சத்தமும், வண்டிக்குள் புகை வாடையும் இருந்திருக்கும். அத்தகைய இன்ஜெக்டரைக் கழற்றுவது பெரும்பாடு. கழற்றினாலும் நெடுநாள் சூட்டில் வெந்த பொருள்தான் கைக்கு வரும். அடுத்த வண்டியைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

உயர்அழுத்தக் குழாய்களில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே கழற்றப்பட்டு வாய் திறந்து கிடந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். வேறு யாரோ பாதியில் கைவிட்டுப் போன இடத்தில் தூசி முந்திக்கொண்டது.

காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. அழிந்துபோன அல்லது இனி ஓட்டவே முடியாத வண்டியைப் பற்றி அதன் உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. வாங்குபவர் செய்ய வேண்டியது சிறியது. வண்டியின் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு பில் கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். பில் தர மறுக்கும் கடையில் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்பேனரைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்

வெயில் ஏறும் முன் வேலையை முடிப்பது நல்லது. இது உடம்புக்காக மட்டும் சொல்வதல்ல. டீசல் எந்த வெப்பத்தில் தீப்பற்றும் ஆவியை விடலாம் என்பதற்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் கீழ்வரம்பு 35 டிகிரி செல்சியஸ். மே மாத மதியத்தில் சென்னை வெயில் 40ஐத் தாண்டும், மூடிய பேனட்டுக்குள் அதற்கும் மேல். பக்கத்து வண்டியை யாரோ கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டிருப்பார்கள். டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பற்றாது என்ற பழைய நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. கட்டர் வேலை நடக்கும் திசையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், பேட்டரி இருந்தால் அதன் மைனஸ் வயரை முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார்களில் கீழே இருப்பதன் மேல் குனிந்து வேலை செய்யவே கூடாது. கடைக்காரரிடம் சொன்னால் கிரேன் வைத்து இறக்கித் தருவார். அதற்கு ஒரு தொகை கேட்டால் கொடுத்துவிடலாம்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ரயில் அழுத்தம் எப்போதோ இறங்கியிருக்கும். ஆனால் அன்று காலைதான் ஓட்டிக்கொண்டுவந்து விற்ற வண்டியாகவும் இருக்கலாம். என்ஜின் நின்று நன்றாகக் காத்திருந்த பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். ஆயிரம் பாருக்கு மேல் உள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும், ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அப்படி ஆனால் மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், உயர்அழுத்த டீசல் பட்டது என்று டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

காமன் ரயில் வருவதற்கு முந்தைய, மைக்கோ பம்ப் உள்ள பழைய வண்டிகளில் பழகிய மெக்கானிக்குகளுக்கு இங்கே தனி எச்சரிக்கை. அந்த வண்டிகளில் என்ஜினை ஓடவிட்டபடியே நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காற்று எடுப்பதும் அப்படித்தான். காமன் ரயில் வண்டியில் அந்தப் பழக்கத்தைக் காட்டினால் கை போகும்.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 14, 17, 19 அளவு ஸ்பேனர்கள், ராட்செட்டோடு பாக்ஸ் செட், டார்க்ஸ் பிட்கள், பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, துருவிளக்கும் எண்ணெய், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, நூல் உதிராத துணி. இவற்றோடு பலரும் மறப்பது மூடிகள். ஓர் இன்ஜெக்டருக்கு டீசல் நுழையும் வாய்க்கு ஒன்று, திரும்பும் வாய்க்கு ஒன்று, நாசில் நுனிக்கு ஒன்று என்று மூன்று மூடிகள் வேண்டும். டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் பிளாஸ்டிக் மூடிகள் சில்லறை விலைக்குக் கிடைக்கும். துணியைச் சுருட்டி வாயில் திணிப்பது மூடியாகாது, நூலே உள்ளே போகும்.

கழற்றும் வேலை

என்ஜினின் மேல்மூடியையும் வழியை மறைக்கும் காற்றுக் குழாய்களையும் எடுத்தால் நாலு இன்ஜெக்டர்களும் வரிசையாகத் தெரியும். உடனே எதையும் தளர்த்தக் கூடாது. சுற்றியுள்ள குழியில் மணல், இலைச் சருகு, எலி கொண்டுவந்த பஞ்சு எல்லாம் இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, கிளீனர் அடித்து, கடையில் கம்ப்ரஸர் இருந்தால் காற்றடித்து, குழாய் நட்டுகள் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் போனால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எழுத்து வேலை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் உடம்பிலும் இரண்டு விதமான எண்கள் இருக்கும். முதலாவது பாக எண். பாஷ் தயாரிப்பில் கார்களுக்கான, மின்காந்தச் சுருளால் இயங்கும் சோலனாய்டு வகை 0445110 என்று தொடங்கும், லாரி, பஸ் வகை 0445120 என்று தொடங்கும். பியேசோ படிகத்தால் இயங்கும் வகைக்கு 0445115, 0445116, 0445117 என்ற தொடக்கங்கள் உண்டு. இன்னோவா போன்ற டொயோட்டா வண்டிகளில் டென்சோவின் 095000 வரிசையைப் பார்க்கலாம். டெல்ஃபை தயாரிப்பில் ஈஜேபிஆர் என்ற எழுத்துகள் முன்னால் நிற்கும். கடைசி மூன்று நான்கு எண்கள்வரை நம் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ‘ரெண்டும் ஸ்விஃப்ட்தான்’ என்பது போதாது. ஒரே 1.3 என்ஜினில் 75 குதிரைத்திறன் வடிவமும் 90 குதிரைத்திறன் வடிவமும் உண்டு. உருவம் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் நாசிலின் தெளிப்பு அளவும் மாறலாம்.

இரண்டாவது, திருத்தக் குறியீடு. தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சோதித்து, அது சராசரியிலிருந்து எவ்வளவு கூடவோ குறையவோ தெளிக்கிறது என்பதை எழுத்தும் எண்ணுமாகத் தலையில் பொறிப்பார்கள். பாஷில் இது சிறியது. டெல்ஃபையில் 16 அல்லது 20 எழுத்து நீளம். பெரும்பாலான காமன் ரயில் வண்டிகளில் இன்ஜெக்டரை மாற்றினால் இந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடிலில் நடுக்கம், புகை, சில வண்டிகளில் ஓட்டமே மட்டுப்படும். கழற்றும்போது ஸ்பேனர் உரசியோ, வயர் பிரஷ் தேய்த்தோ இந்த எழுத்துகள் அழிந்துபோவது அடிக்கடி நடக்கும். அதனால் கழற்றும் முன்பே செல்போனில் கிட்டத்தில் படம் எடுத்து, தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்பதும் அதே தாளில் சேரட்டும்.

இனி ஸ்பேனர். மின் இணைப்பான்கள் வெயிலில் காய்ந்து உளுத்திருக்கும். பூட்டு நாக்கைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தூக்கி, இணைப்பானைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. இன்ஜெக்டர் பக்கத்துப் பின் உடைந்தால் அதற்கு மாற்று கிடையாது. வயரையும் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி எடுத்துக்கொண்டால் சொந்த வண்டியில் இணைப்பான் உடையும் நாளில் உதவும். அடுத்து, ரிட்டன் குழாய்களின் சிறு கிளிப்புகளை எடுத்துக் குழாயை நேராக மேலே தூக்க வேண்டும்.

உயர்அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று நட்டைத் திருப்ப, மற்றொன்று இன்ஜெக்டரில் அந்தக் குழாய் ஏறும் முனையை அசையாமல் பிடிக்க. ஒற்றை ஸ்பேனரால் பலமாகத் திருப்பினால் நட்டோடு அந்த முனையும் சேர்ந்து திரும்பிவிடும். பிறகு அது கசிவதை யாராலும் நிறுத்த முடியாது. ரயில் பக்கத்து நட்டையும் தளர்த்திக் குழாயை முழுசாக எடுத்துவிட வேண்டும், வளைத்து ஒதுக்கக் கூடாது. குழாய் வெளியே வந்த அதே நொடியில் இன்ஜெக்டரின் வாயில் மூடி ஏற வேண்டும்.

பிறகு இன்ஜெக்டரை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பிடிப்பானின் போல்ட். அதன் தலைக்குள் அழுக்கு அடைத்திருந்தால் டார்க்ஸ் பிட் முழுசாக இறங்காது, அரைகுறையாக இறங்கிய பிட் தலையை வழித்துவிடும். ஊசியால் குழியைச் சுரண்டி, பிட்டை வைத்துச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்த பிறகே திருப்ப வேண்டும். இந்த போல்ட்கள் பல வண்டிகளில் ஒருமுறை இறுக்கியதும் இழுபட்டு நீளும் வகை. பழையதை எடுத்துப் போய்ச் சொந்த வண்டியில் பொருத்தக் கூடாது.

அசையாமல் நிற்கும்போது

அதிர்ஷ்டம் இருந்தால் இன்ஜெக்டரை இடவலமாகச் சில டிகிரி திருப்பியதுமே மேலே வரும். பல நேரம் வராது. வாஷர் கசிந்த கரி உடம்பைச் சுற்றி இறுகியிருக்கும்.

அப்போது முதலில் செய்ய வேண்டியது, துருவிளக்கும் எண்ணெயைக் குழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, மறுநாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஓர் இரவு ஊறினால் கரி இளகும். மறுநாள் இன்ஜெக்டரின் உடம்பில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கம் இருந்தால் அதில் மட்டும் பிடித்து, கால் அங்குலம்கூட இல்லாத சிறு அசைவாக இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அசைவு கூடக்கூட எண்ணெய் கீழே இறங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஸ்லைடு ஹேமர் வேண்டும். நீளக் கம்பியில் ஓடும் எடையை மேல்நோக்கி இழுத்து மோதவிட்டு, பொருளை நேர்கோட்டில் வெளியே எடுக்கும் கருவி அது. இன்ஜெக்டரின் குழாய் மரையிலோ, அந்த வகைக்கென்று செய்த அடாப்டரிலோ அதை மாட்டலாம். எந்த வழியாக இருந்தாலும் இழுப்பு நேர் மேலே இருக்க வேண்டும். சோலனாய்டு தலைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவதும், பக்கவாட்டில் சுத்தியலால் அடிப்பதும்தான் காயலான் கடையில் மிக அதிகமான இன்ஜெக்டர்களைக் கொல்லும் இரண்டு பழக்கங்கள். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே வால்வின் சில மைக்ரான் ஒழுங்கு குலைந்திருக்கும்.

கேஸ் டார்ச்சால் ஹெட்டைச் சூடாக்கச் சொல்லும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும். அலுமினிய ஹெட், சுற்றிலும் டீசல் ஈரம், நடுவே நெருப்பு. கூடவே கூடாது. பிடிப்பானைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்து, என்ஜினின் அழுத்தத்தாலேயே இன்ஜெக்டரை வெளியே துப்ப வைக்கும் தந்திரமும் உண்டு. அது வெளியே வரும் வேகத்தில் முகத்தைப் பிளக்கும். ஹெட்டையே கழற்றிக் கவிழ்த்து, அடியிலிருந்து தட்டி எடுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அடியில் நீட்டிக்கொண்டிருப்பது நாசிலின் நுனி. அதில் ஒரு தட்டு விழுந்தால் கதை முடிந்தது. ஆனால் ஹெட்டை முழுசாக வாங்கி, இன்ஜெக்டர்களோடு அப்படியே டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோய் ஹைட்ராலிக் புல்லரால் எடுக்கச் சொல்வது நல்ல வழி. செலவு கூடினாலும் நாலும் உயிரோடு வரும்.

கையில் வந்த பிறகு

நுனியைத் துணியால் துடைக்காமல், வயர் பிரஷ் போடாமல், முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய கறுப்போ சாம்பல் நிறமோ இயல்பு. நீலம் ஓடியிருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கரி கட்டியாக இருந்தால் அது சொட்டும் நாசில். நுனியில் துரு, குழி, அரிப்பு எது தெரிந்தாலும் தள்ளிவிடலாம். அடியில் காப்பர் வாஷர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். அதன் தடிமனை அளந்து எழுதிவைத்தால் புது வாஷர் வாங்கும்போது ஒப்பிட உதவும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். சோலனாய்டு வகையில் இரண்டு பின்களுக்கு இடையே மின்தடை மிகக் குறைவு, பாஷில் பெரும்பாலும் அரை ஓம்கூட வராது. மீட்டரின் வயர்களை ஒன்றோடொன்று தொட்டு, அவற்றின் தடையை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். பியேசோ வகையில் அதே இடத்தில் நூறு கிலோ ஓமுக்கு மேல் காட்டும். எந்த வகையானாலும் பின்னுக்கும் உடம்புக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தோற்றால் நிச்சயம் கெட்டது. தேறிவிட்டால் சுருள் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். தெளிப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மூன்று வாயிலும் மூடி போட்டு, தனித்தனி பிளாஸ்டிக் பையில் சிலிண்டர் எண்ணோடு இட்டு, ஒன்றோடொன்று மோதாதபடி பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். உடனே பயன்படுத்தாவிட்டால் சுத்தமான டெஸ்ட் ஆயில் சில சொட்டு நுழைவாயில் விட்டு மூடலாம். வெறுமையாக ஈரக் காற்றில் கிடந்தால் மழைக்காலத்துக்குள் ஊசி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய வகை வண்டிகளுக்கு, அதாவது முதல் தலைமுறை இண்டிகா டீசல் போன்றவற்றுக்கு, வேலை எளிது. ஈசியூ இல்லை, குறியீடு இல்லை, அழுத்தமும் குறைவு. நாசில் ஹோல்டரை ஆழமான பாக்ஸ் ஸ்பேனரால் திருப்பி எடுக்கலாம். கைப்பிடி டெஸ்டரில் வைத்து அடித்தால் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தெளிப்பு பூப்போல விரிகிறதா, சொட்டுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். முன்னறையில் எரியும் வகைகளுக்குத் திறப்பு அழுத்தம் ஏறக்குறைய 120 முதல் 150 பார்வரை இருக்கும். குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய ஷிம் சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள். டெஸ்டர் அடிக்கும்போது நுனிக்கு முன்னால் கை வைக்கக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

காமன் ரயில் இன்ஜெக்டருக்கு அந்தக் கைப்பிடி டெஸ்டர் போதாது. கணினி பெஞ்ச் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். முழுச் சுமை, ஐடில், முன்தெளிப்பு, திரும்பும் டீசல் என்று நாலு நிலைகளிலாவது அளந்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். காயலான் கடையில் மிச்சம் பிடித்த பணத்தில் இந்தச் சோதனைக் கட்டணம் மிகச் சிறிய பகுதி. நாலில் இரண்டு தேறினாலே வந்த செலவு கட்டிவரும்.

பொருத்தும் முன் சொந்த வண்டியின் ஃபில்டரிலும் அந்த வெள்ளைக் கிண்ணச் சோதனையைச் செய்ய வேண்டும். பழைய இன்ஜெக்டர்கள் கெட்டதற்குக் காரணம் பம்ப் கக்கிய தூளாக இருந்தால், தேடிக் கொண்டுவந்ததையும் அது தின்றுவிடும். டாங்க், குழாய்கள், ரயில் எல்லாவற்றையும் கழுவி, பம்பைச் சரிசெய்து, புது ஃபில்டர் போட்ட பிறகே இவை உள்ளே போகலாம். குழிக்குள் பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதை எடுக்காமல் மேலே புதிதை வைத்தால் நாசில் உயரம் மாறி, தெளிப்பு பிஸ்டனின் குழியில் விழாமல் தப்பிப் போகும். அதே தடிமன் புது காப்பர் வாஷர், புது போல்ட், கம்பெனி கையேடு சொல்லும் முறுக்கு. உயர்அழுத்தக் குழாயும் புதிதாக இருப்பது உத்தமம்.

குறியீடுகளை ஏற்றி, சாவியைச் சில முறை ஆன் செய்தோ கைப்பம்பை அழுத்தியோ டீசலை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டபின் ரிட்டன் அளவைப் பார்க்கலாம். நாலு ரிட்டன் வாயிலும் குழாய் மாட்டி, நாலு ஒரேமாதிரிக் குப்பிகளில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டினால் போதும். நாலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு நிரம்ப வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பினால் அதுதான் உள்ளே கசிகிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மேல்மூடியைத் திறந்து, இன்ஜெக்டர்களின் அடியில் ஈரமோ கறுப்போ தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அன்றே வாஷரை மாற்றிவிட வேண்டும். வெளியே எடுத்த பழைய நாலையும் மூடி போட்டு, குறியீட்டோடு எடுத்துவைக்கலாம். உடம்பு நன்றாக இருப்பவற்றுக்கு நாசிலும் வால்வும் மாற்றித் தரும் பம்ப் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன.